கதவு ஏன் கூடவே பாடுகிறது?

சென்னை ஜி.பி. ரோட்டில் கார் ஆடியோ வேலை பார்க்கும் கடைகளில் அடிக்கடி காதில் விழும் புகார் இது. புது ஸ்பீக்கர் போட்டாயிற்று, ஆம்ப்ளிஃபயரும் வைத்தாயிற்று, ஆனால் வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினால் போதும், கதவுக்குள்ளிருந்து ‘ஜிர்ர்ர்’ என்று ஒரு சத்தம். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று காரின் சொந்தக்காரருக்குக் கவலை. வேலை தெரிந்தவர் கதவில் உள்ளங்கையை அழுத்தி வைப்பார். சத்தம் சட்டென்று குறையும். “ஸ்பீக்கர் நல்லாத்தான் சார் இருக்கு. கதவுதான் கூடச் சேர்ந்து பாடுது” என்பார்.

அவர் பேச்சுக்குச் சொல்வதாக நினைக்க வேண்டாம். இயற்பியல் கணக்குப்படியே அந்தக் கதவு ஒரு ஸ்பீக்கராக வேலை செய்கிறது. அதை அடக்க அவர் உள்ளே ஒட்டப்போவது இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு கறுப்பு ரப்பர் ஷீட், அதன் முதுகில் ஒரு மெல்லிய அலுமினியத் தாள். கையில் எடுத்தால் பிசுபிசுவென்று தொய்ந்து விழும். இவ்வளவு மெத்தென்ற ஒன்று எஃகுத் தகட்டை எப்படி அடக்குகிறது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் மூலக்கூறுகள் வரை போக வேண்டியிருக்கிறது.

முதலில் கதவைத் திறந்து பார்த்துவிடுவோம். டோர் பேட் என்று கடைகளில் சொல்லும் உட்புறப் பிளாஸ்டிக் பலகையைக் கழற்ற வேண்டும். கைப்பிடிக் குழிக்குள் ஒளிந்திருக்கும் ஓரிரு ஸ்குரூக்களை எடுத்துவிட்டு ஓரத்தைப் பிடித்து இழுத்தால், சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் டக் டக்கென்று ஒவ்வொன்றாக விடுபடும். அதன் பின்னால் ஈரம் உள்ளே வராமலிருக்க ஒட்டிய பாலிதீன் தாள். அதையும் உரித்தால் உள்தகடு. கண்ணாடியை ஏற்றியிறக்கும் மோட்டாரையும் பூட்டையும் பொருத்த வேண்டுமே, அதற்காகக் கை நுழையும் அளவுக்குப் பெரிய பெரிய துளைகள் அதில் வெட்டப்பட்டிருக்கும். அந்தத் துளை வழியாக எட்டிப் பார்த்தால் அந்தப் பக்கம் வெளித்தகடு. பக்கவாட்டு மோதலைத் தாங்குவதற்காகக் குறுக்கே ஒரு இரும்புக் குழாய் போகும். மற்றபடி உள்ளே இருப்பதெல்லாம் காற்றுதான்.

வெளியிலிருந்து பார்க்க அத்தனை கெட்டியாகத் தோன்றும் அந்த வெளித்தகட்டின் தடிமன் 0.7 மில்லிமீட்டர் அளவுதான். ஒரு சதுர மீட்டருக்கு ஐந்தரைக் கிலோ எடை. அதன் நடுவில் விரல் முட்டியால் தட்டினால் ‘டங்ங்’ என்று இழுத்து ஒலிக்கும். மடித்துப் பற்றவைத்த ஓரத்தில் தட்டினால் ‘டொக்’ என்று அங்கேயே நின்றுவிடும். பழைய கார் வாங்கப் போகும்போது டிங்கரிங் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போனால், அவர் கதவை அங்கங்கே தட்டிக்கொண்டே வந்து “இங்க பட்டி பூசியிருக்காங்க” என்று சொல்வதும் இந்த வித்தியாசத்தை வைத்துத்தான்.

இந்தத் தகர அறைக்குள்தான் ஸ்பீக்கரைத் திருகி வைக்கிறார்கள். பாட்டு ஓடத் தொடங்கியதும் கதவை இரண்டு விசைகள் ஆட்டுகின்றன.

ஒன்று, நியூட்டனின் மூன்றாம் விதி. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் பாயும்போது அதே விசையோடு அதன் இரும்புச் சட்டம் பின்னால் தள்ளப்படுகிறது. சட்டம் திருகப்பட்டிருப்பதோ உள்தகட்டில். ஒரு ஆம்பியர் மின்னோட்டத்துக்கு 5 நியூட்டன் விசை என்பது கதவு ஸ்பீக்கரில் இயல்பாகக் காணக்கூடிய அளவு. உச்சத்தில் 2 ஆம்பியர் ஓடினால் 10 நியூட்டன், அதாவது ஏறக்குறைய ஒரு கிலோவின் எடை. பேஸ் ஒலி 50 ஹெர்ட்ஸ் என்றால், ஒரு கிலோ கனத்துக்குக் கதவைத் தள்ளியும் இழுத்தும் விநாடிக்கு 50 தடவை உலுக்குகிறோம்.

இரண்டாவது விசை காற்றின் வழியாக வருகிறது. கூம்பு முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் கதவுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சுகிறது. திரும்பி வரும்போது அதையே அழுத்துகிறது. அந்த அழுத்தம் தகட்டின் மொத்தப் பரப்பின் மேலும் விழுகிறது.

இப்போது பரப்பளவைக் கவனியுங்கள். ஆறரை அங்குல ஸ்பீக்கரில் உண்மையில் காற்றைத் தள்ளும் கூம்பின் பரப்பு சுமார் 135 சதுர சென்டிமீட்டர். கதவின் உட்புறமோ அரை சதுர மீட்டர், 5,000 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கூம்பைவிட 37 மடங்கு பெரிது. கூம்பு ஒரு மில்லிமீட்டர் அசைந்து எவ்வளவு காற்றைத் தள்ளுகிறதோ, அதே அளவு காற்றைத் தள்ளக் கதவு சராசரியாக 0.027 மில்லிமீட்டர் அசைந்தால் போதும். தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. கண்ணுக்குத் தெரியாது, கை வைத்தால்தான் லேசாகக் கூசும். ஆனால் காதைப் பொறுத்தவரை அங்கே இன்னொரு ஸ்பீக்கர் ஓடுகிறது. அதுவும் ஸ்பீக்கரோடு ஒத்துப் போகாமல், பல நேரங்களில் எதிர்த்திசையில் ஓடுகிறது. ஒன்று காற்றை அழுத்தும் நேரத்தில் மற்றது இழுக்கும், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

இதே அழிவு உள்தகட்டின் துளைகள் வழியாகவும் நடக்கிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்குக் கூம்பின் முன்பக்கமும் ஒரு முழம் தள்ளியிருக்கும் துளையும் ஒரே இடம்தான். கூம்பு பின்பக்கம் அனுப்பிய எதிர் அலை அந்தத் துளை வழியாக வெளியே வந்து முன்பக்க அலையோடு கலந்து அதைக் கரைத்துவிடுகிறது. “பேஸே வரமாட்டேங்குது” என்று சொல்லி இன்னும் பெரிய ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் பலர். அவர்களுடைய பழைய ஸ்பீக்கர் பேஸை உண்டாக்கிக்கொண்டுதான் இருந்தது, கதவு அதை விழுங்கிக்கொண்டிருந்தது. துளைகளைத் தகட்டாலோ கெட்டியான ஷீட்டாலோ மூடினால், ஆம்ப்ளிஃபயரை மாற்றாமலேயே அதன் சக்தி கூடியதுபோல இருக்கும்.

சரி, தகடு ஏன் இவ்வளவு எளிதாக ஆடிவிடுகிறது? ஒவ்வொரு தகட்டுக்கும் தனக்கென்று சில அதிர்வெண்கள் உண்டு. அந்த அதிர்வெண்ணில் தட்டினால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு பெரிதாக ஆடும். இதுதான் ஒத்ததிர்வு. கார்க் கதவில் இவை சில பத்து ஹெர்ட்ஸில் தொடங்கிச் சில நூறு ஹெர்ட்ஸ் வரை நெருக்கமாகக் கிடக்கின்றன. பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் ஆண் குரலின் அடித்தளமும் இருக்கும் பகுதி அதுவேதான். எஃகுக்குள் ஆற்றல் வீணாவதே அரிது. தன்னிடம் வந்த அசைவை அது பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுக்கும் உலோகம். அதனால்தான் தட்டினால் ‘டங்ங்’.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். வெற்று எஃகைவிட, மடிப்பும் பற்றவைப்பும் உள்ள கதவுத் தகடு கொஞ்சம் அதிகமாகவே ஆற்றலை இழக்கும். எவ்வளவு வேகமாக ஆற்றலை இழக்கிறது என்பதற்கான அளவை இழப்புக் காரணி என்பார்கள், அதை நூறில் ஒன்று என்று கொள்வோம். 150 ஹெர்ட்ஸில் அது ஒருமுறை அதிர்ந்தால், அதிர்வின் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய ஒன்றரை விநாடி ஆகும். டிரம்ஸின் ஒரு அடி முடிந்து அடுத்த அடி விழுவதற்கு அரை விநாடிதான் இடைவெளி என்றால், முதல் அடியின் மிச்சம் இரண்டாவது அடியின் மேல் வழிகிறது. அந்தக் கறுப்புத் தணிப்பு ஷீட்டை ஒட்டி இழப்புக் காரணியை 0.2 ஆக்கிவிட்டால், அதே அதிர்வு 0.07 விநாடியில் அடங்கிவிடும். அப்போதுதான் டிரம்ஸ் அடி அடியாகக் கேட்கும்.

இந்த மாற்றத்தை ஷீட் எப்படிச் செய்கிறது என்பதுதான் கதையின் மையம். சத்தத்தைத் தடுத்து நிறுத்துகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தடுப்பதில்லை, அசைவை வாங்கி வெப்பமாக மாற்றிவிடுகிறது. தகடு வளையும்போது அதன் மேல் ஒட்டிய ரப்பரும் இழுபடும். இழுபட்ட ரப்பர் பழைய நிலைக்கு வரும்போது, வாங்கிய ஆற்றல் முழுவதையும் திருப்பித் தராது, ஒரு பங்கு வெப்பமாகிவிடும். வெறும் ரப்பரையோ தாரையோ தடவினாலும் இது நடக்கும். ஜெர்மானியரான ஹெர்மன் ஓபர்ஸ்ட் இப்படி ஒற்றை அடுக்காகப் பூசிய தணிப்புப் பொருளின் கணக்கை 1952-இல் வெளியிட்டார். அதன்படி பூச்சு தகட்டைவிடத் தடிமனாக இருந்தால்தான் குறிப்பிடும்படியான பலன் கிடைக்கும்.

பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது மேலே ஒட்டியிருக்கும் அலுமினியத் தாள். பார்வைக்காக ஒட்டியது என்று பலர் நினைக்கும் அந்தத் தாள் இல்லாவிட்டால் ஷீட்டின் வேலையில் பெரும்பகுதி போய்விடும். மெல்லியதுதான், ஆனால் அது நீளாது. கீழே எஃகுத் தகடு வளையும்போது ரப்பரின் அடிப்பக்கம் அதோடு நகர முயல்கிறது. மேல்பக்கத்தை அலுமினியம் நகரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட ரப்பர், மேலும் கீழும் எதிரெதிர்த் திசையில் இழுபட்டுச் சறுக்குகிறது. இயற்பியல் புத்தகங்கள் சறுக்குப் பெயர்ச்சி என்று சொல்வது இதைத்தான். வெறுமனே நீளும்போது விழுங்குவதைவிடச் சறுக்கும்போது ரப்பர் பல மடங்கு ஆற்றலை விழுங்கும். 1959-இல் எட்வர்ட் கெர்வின் இந்த மூன்றடுக்கு அமைப்பின் கணக்கை வெளியிட்டார். ராஸ், உங்கர் என்ற இருவரோடு சேர்ந்து அவர் விரித்த சமன்பாடுகளைப் பொறியாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் வேலை பார்த்த அமெரிக்காவின் போல்ட், பெரானெக் அண்ட் நியூமன் ஒலியியல் நிறுவனம்தான் பத்து வருடம் கழித்து, 1969-இல், இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டின் இணைப்புக் கணினிகளைக் கட்டிக் கொடுத்தது.

நடுவில் இருக்கும் ரப்பர் எந்த ரப்பராகவும் இருக்க முடியாது. இயற்கை ரப்பர் பந்தைக் கீழே போட்டால் நன்றாகத் துள்ளும். துள்ளுகிறது என்றாலே வாங்கிய ஆற்றலைத் திருப்பித் தருகிறது என்று அர்த்தம், அது இங்கே உதவாது. நல்ல ஷீட்டுகளில் இருப்பது பியூட்டைல் ரப்பர். 1937-இல் அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தில் வில்லியம் ஸ்பார்க்ஸும் ராபர்ட் தாமஸும் உருவாக்கியது. பியூட்டைல் பந்தைக் கீழே போட்டால் ‘தொப்’ என்று விழுந்து ஏறக்குறைய அங்கேயே கிடக்கும். நம் சைக்கிள் டியூப்பில் ‘பியூட்டைல்’ என்று அச்சடித்திருப்பதும் இதே ரப்பர்தான், ஆனால் அங்கே அதைத் தேர்ந்தெடுத்த காரணம் வேறு. பியூட்டைல் டியூப்பில் காற்று எளிதில் கசியாது, அடித்த காற்று நாள்கணக்கில் நிற்கும்.

காற்றைப் பிடித்து வைப்பதும் அதிர்வை விழுங்குவதும் சம்பந்தமில்லாத இரண்டு குணங்கள் போலத் தோன்றும். இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பது எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம். பியூட்டைல் மூலக்கூறு ஒரு நீண்ட கார்பன் சங்கிலி. ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் இரண்டிரண்டு மீத்தைல் தொகுதிகள் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும். இவ்வளவு நெரிசலில் சங்கிலி வளைவதற்கும் திரும்புவதற்கும் தாமதமாகிறது. காற்றின் மூலக்கூறு உள்ளே நுழைந்து நகர வேண்டுமானால் சங்கிலிகள் விலகி வழிவிட வேண்டும், அவை விலகுவதோ மெதுவாக, ஆகவே காற்று கசிவதில்லை. தகடு விநாடிக்கு நூறு தடவை இழுத்தால் சங்கிலிகளால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து ஓட முடிவதில்லை. ஒன்றோடொன்று உரசிப் பின்தங்குகின்றன, அந்த உரசலில் அசைவு வெப்பமாகிறது. பாட்டு முழுவதும் ஓடினாலும் ஷீட்டின் சூடு கையில் தெரியாது, ஏனென்றால் அந்த ஆற்றலே அவ்வளவு கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் காது இத்தனை துல்லியமாகப் பதில் சொல்கிறது.

வெப்பநிலை இதில் பெரிய ஆட்டக்காரர். குளிர்ந்து இறுகிவிட்டால் சங்கிலிகள் நகராது, உரசலும் இல்லை. மிகவும் சூடேறினால் சங்கிலிகள் தாராளமாக ஓடத் தொடங்கிவிடும், அப்போதும் உரசல் குறைவு. சூடாக்கிய பியூட்டைல் பந்து துள்ள ஆரம்பிப்பது இதனால்தான். மே மாத வெயிலில் நிறுத்திய கறுப்புக் காரின் தகடு 60 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் மலிவான தார் ஷீட்டுகள் இளகித் தகட்டைவிட்டு வழுக்கி இறங்கும், காருக்குள் தார் வாசமும் அடிக்கும். கூரைக் கசிவுக்கு விற்கும் தார்ப் பட்டையைக் கதவுக்குள் ஒட்டச் சொல்லும் யோசனையை நம் ஊர் வெயிலில் யாரும் ஏற்காமல் இருப்பது நல்லது.

எதையாவது ஒட்டினாலே ஒலி அடங்கிவிடும் என்பதும் இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் கல்பொடியும் சோறும் குழைத்து அப்பும் கறுப்பு வட்டத்தை எடுத்துக்கொள்வோம். வெறும் தோல் அதிரும்போது அதன் மேற்சுரங்கள் 1, 1.59, 2.14 என்று ஒன்றுக்கொன்று பொருந்தாத விகிதத்தில் வரும். நடுவில் எடை ஏற்றியதும் அவை முழு எண் விகிதத்துக்கு இறங்கி வந்து தோலுக்குச் சுருதி பிறக்கிறது. சி.வி. ராமனும் எஸ். குமாரும் 1920-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது இதைப் பற்றித்தான். அங்கே ஏற்றிய எடை அதிர்வை ஒழுங்குபடுத்துகிறது, விழுங்குவதில்லை. கதவில் எடையை மட்டும் ஏற்றினாலும் இதுவே நடக்கும். ஒத்ததிர்வு கொஞ்சம் கீழே இறங்கும், ஆனால் அங்கேயும் ஒலித்துக்கொண்டுதான் இருக்கும். அடக்குவதற்குச் சறுக்கி உரசும் அடுக்கு வேண்டும்.

எங்கே ஒட்டுவது என்ற கேள்விக்கு எர்ன்ஸ்ட் கிளாட்னி வழிகாட்டுகிறார். 1787-இல் அவர் வெளியிட்ட சோதனையில், உலோகத் தகட்டின் மேல் மணலைத் தூவி ஓரத்தில் வயலின் வில்லால் தேய்த்தார். ஆடும் இடங்களிலிருந்து மணல் துள்ளி ஓடி, ஆடாத கோடுகளில் போய்க் குவிந்து அழகழகான கோலங்களாக நின்றது. 1809-இல் பாரிஸில் இதைக் கண்ட நெப்போலியன், இதன் கணிதத்தை விளக்குபவருக்குப் பரிசு என்று அறிவிக்கச் செய்தார். 1816-இல் அந்தப் பரிசை வென்றவர் சோஃபி ஜெர்மைன், பெண் என்பதால் கல்லூரிக் கதவுகளே திறக்காத காலத்தில் தானாகக் கணிதம் படித்தவர். தகடு எல்லா இடத்திலும் ஒரேபோல் வளைவதில்லை என்பதைத்தான் அந்த மணல் காட்டியது. வளையாத இடத்தில் ஒட்டிய ஷீட்டுக்கு வேலையே இல்லை. கதவுத் தகட்டின் அகன்ற, தட்டையான நடுப்பகுதியில் பரப்பில் கால் பங்கை மூடினாலே கிடைக்கக்கூடிய பலனில் பெரும்பகுதி வந்துவிடும் என்பது அனுபவமுள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கு. மிச்ச முக்கால் பங்கையும் மூடுவது பெரும்பாலும் பணத்தையும் எடையையும் கூட்டத்தான். கார்த் தொழிற்சாலையிலும் இதைத்தான் செய்கிறார்கள். புதுக் காரின் வெளித்தகட்டின் உட்புறத்தில் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு திட்டு ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம்.

ஒட்டும் முறை ஷீட்டின் விலையைவிட முக்கியம். எண்ணெய்ப் பசையும் தூசியும் போக ஆல்கஹால் துணியால் துடைக்க வேண்டும். பிறகு சின்ன உருளையால் பலமாகத் தேய்த்து அழுத்த வேண்டும். நல்ல ஷீட்டின் அலுமினியத்தில் சிறு சிறு மேடுகளாக ஒரு பதிவு இருக்கும், உருளை அழுத்தம் போதுமான அளவு விழுந்த இடத்தில் அந்த மேடுகள் தட்டையாகிவிடும். மேடு தெரியும் இடமெல்லாம் இன்னும் சரியாக ஒட்டவில்லை. அடியில் காற்று சிக்கினால் தகடு வளைந்தாலும் ரப்பர் சறுக்காது, சறுக்காவிட்டால் அது வெறும் எடைதான். கதவின் அடியில் வரிசையாக இருக்கும் வடிகால் துளைகளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மூடக்கூடாது. கண்ணாடியின் ஓர ரப்பர் வழியாக மழைநீர் எப்போதும் கதவுக்குள் இறங்குகிறது. அது வெளியேற வழியில்லாமல் நின்றால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான அழுத்த உணரி கதவுக்குள் இருக்கிறது. மோதலின்போது கதவுக்குள் காற்றழுத்தம் உயர்வதை வைத்துத்தான் அது முடிவெடுக்கிறது. அப்படிப்பட்ட காரில் துளைகளை அடைப்பதற்கு முன் தயாரிப்பாளரின் அறிவுரையைப் பார்த்தே ஆக வேண்டும்.

சாலை இரைச்சலுக்கு இதே ஷீட்டை நம்பிப் பணம் போடுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. பஸ் ஹாரனைத் தடுக்க எடை வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு ஐந்தரைக் கிலோ இருக்கும் தகட்டில் 3 கிலோ ஷீட் ஒட்டினால், நிறை விதிப்படி கிடைக்கும் குறைவு 4 டெசிபல்கூட இல்லை. அதற்குக் கனமான வினைல் தடுப்பும் கதவு ரப்பர்களின் இறுக்கமும் வேண்டும், அது வேறு வேலை.

கடைசியாக அந்த ‘ஜிர்ர்ர்’. தகட்டை அடக்கிய பிறகும் அது மிச்சம் இருக்கலாம், காரணம் அது தகட்டின் குரல் இல்லை. தளர்ந்த கிளிப், டோர் பேடின் ஓரம், பூட்டுக்குப் போகும் கம்பி, ஒயரின் பிளாஸ்டிக் இணைப்பு என்று ஏதோ ஒன்று ஒவ்வொரு அதிர்விலும் எதிலோ போய் மோதுகிறது. 60 ஹெர்ட்ஸில் ஆடும் ஒன்று மோதும்போது எழும் சத்தம் 60 ஹெர்ட்ஸில் நிற்காது. ஒவ்வொரு மோதலும் ஒரு சிறு வெடிப்பு, அதில் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை ஒலி இருக்கும். நம் காதோ தாழ்ந்த ஒலிக்கு மந்தம், 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் கூர்மை. பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் இதை அளந்து காட்டினார்கள். இன்றைய தர அளவுகள்படி 60 ஹெர்ட்ஸ் ஒலி காதில் விழத் தொடங்க ஏறக்குறைய 39 டெசிபல் வேண்டும், 3,000 ஹெர்ட்ஸுக்குப் பூஜ்யத்துக்கும் கீழே, சுமார் −5 டெசிபலே போதும். செறிவில் 20,000 மடங்குக்கும் மேல் வித்தியாசம். பேஸின் ஆற்றலில் மிக அற்பமான ஒரு துளியைத் திருடிக்கொண்ட கிளிப், பாட்டையே மிஞ்சிக் கேட்பது இப்படித்தான்.

அதைப் பிடிக்க ஷீட் தேவையில்லை. போனிலிருந்து கார் ஸ்பீக்கர் வழியாக 30 ஹெர்ட்ஸிலிருந்து 300 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒற்றை ஒலியை ஓடவிட்டு, ஒருவர் உட்கார்ந்து கதவின் ஒவ்வொரு இடத்தையும் விரலால் அழுத்திக்கொண்டே வர வேண்டும். எந்த இடத்தில் விரல் பட்டதும் சத்தம் நிற்கிறதோ அங்கே ஒரு துண்டு ஃபெல்ட் துணியோ மெத்தென்ற ஃபோமோ வைத்தால் போதும். பல நேரங்களில் மாற்ற வேண்டியது ஒரு தளர்ந்த கிளிப்பாக மட்டுமே இருக்கும். கதவு முடிந்ததும் டிக்கியைச் சாத்திவிட்டு நம்பர் பிளேட்டையும் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். கதவின் சத்தத்துக்குள் இத்தனை நாள் மறைந்திருந்த அடுத்த ஆள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.